யார் கை

காலையிலயா சாயங்காலமா என்று கேட்டாள் என் மனைவி, குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நான் போனைப் பார்த்து, பரிசோதனை வியாழக்கிழமை முற்பகல் என்று போட்டிருக்கிறது என்றேன், "முற்பகல்னா காலையிலன்னு சொல்லுங்களேன் வாத்தியாரே" என்றாள், நான் வாத்தியார் இல்லை, அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், ஆனால் அவள் கணக்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற எல்லோருமே வாத்தியார்தான், "அப்ப அந்த சீலிங்காரர்கிட்ட சொல்லிடுங்க, இன்ஸ்பெக்டர் பாக்கற வரைக்கும் ஒரு பலகைகூட ஏத்தக் கூடாதுன்னு"... அவ்வளவுதான், வேன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள், நான் சீலிங்காரரோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், வேனின் கதவு திறந்திருந்தது, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, இதயம் என்றார் டாக்டர், விலாசம் சொல்வதைப் போல. அவள் சொன்ன கடைசி வாக்கியம் ஒரு பலகையைப் பற்றியது. துக்கம் கேட்க வந்தவர்கள் கடைசியா என்ன சொன்னாங்க என்று கேட்டபோது நான் அதைச் சொல்லவில்லை, வெட்கத்தால் அல்ல, அது எவ்வளவு அவளுக்கே உரிய பேச்சு என்பது அவர்களுக்குப் புரியாதே என்றுதான்.

அந்த வியாழக்கிழமை முற்பகலில், குழந்தைகள் காப்பகத்தின் கூடத்தில், திறந்து கிடந்த கூரைக்குக் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன், மேலே அவள் மாட்டிய ஏசியின் தகரக் குழல்கள், கறுப்பு நுரை உறை போட்ட செம்புக் குழாய்கள், கோடையில் குளிரும் குளிரில் வெப்பமும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும், பிள்ளைகள் தரையில் தூங்குகிறவர்கள், காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்று வாய்களையெல்லாம் சுவரோரமாகத் திருப்பியிருந்தாள், இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. காப்பகத்து அம்மா வாசலில் நின்று, பக்கத்து அறைச் சத்தத்தைக் கையால் அமர்த்திக்கொண்டு, "இன்னைக்கு முடிஞ்சிரும்ல சார்?" என்றார், கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டார், முடிந்துவிடும் என்ற சொல் அப்போது எல்லாருக்கும் சுட்டது, நான் முடிஞ்சிரும்மா என்றேன். முடிய வேண்டுமே... நகரசபைக் கவுன்ட்டரில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி எனக்கு விளக்கியிருந்தாள், அனுமதி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி, அது லைசென்ஸ்காரர் பெயரில், வேலையை முடித்துவிட்டுத்தான் அவர் காலமானார் என்றால் அவர் பெயரிலேயே பரிசோதனை நடக்கலாம், ஆனால் இன்ஸ்பெக்டர் ஒரு குறை எழுதினாலும் அதைத் திருத்த வேறொருவர் வேண்டும், "லைசென்ஸ் உயிரோட இருக்கணும் சார்", உடனே அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், அந்த வாரம் ஊரே நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்படித் திருத்தினால் அனுமதி அந்த வேறொருவர் பெயருக்கு மாறிவிடும், முழு வேலையும், ஒரு திருகாணியை இறுக்கினவர் பெயரில்.

அந்த வேறொருவர் யார் என்பதிலும் சந்தேகமில்லை, என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், அவளுடைய தம்பி, அவனும் இதே தொழில்தான், அவனுக்கும் கை இருந்தது. அவர்கள் தொழிலில் லைசென்ஸ் என்று யாரும் சொல்வதில்லை, கை என்பார்கள், கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, இது யார் கை? பரீட்சை எழுதித் தேறி, காப்பீடு எடுத்து, பெயரைப் பதிந்து வாங்கின கை. கையில்லாதவன் கையுள்ளவனின் பெயரை இரவல் வாங்கி வேலை செய்தால் அது கைமாத்து, ஊரில் பாதிக் குளிர் கைமாத்துக் குளிர்தான் என்பாள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பில் பல் இருக்கும். அவளிடம் எத்தனை பேர் வந்து கேட்டார்கள், சும்மா பேரு மட்டும் குடுங்கக்கா, நீங்க வரக்கூட வேண்டாம், வீட்டுல காலை நீட்டி உக்காருங்க என்று... "காலை நீட்டிக்கறேன்டா, கையை நீட்ட மாட்டேன்." கூடப்பிறந்தவனுக்கே கொடுக்கவில்லையே, அவன் பரீட்சையில் தவறிவிட்டு வந்து நின்றபோது, "வெட்டிக் குடுன்னா குடுப்பேன், கைமாத்து மட்டும் கேக்காதே, போய்ப் படி", அவன் ஒரு கோடைகாலம் முழுக்க எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, பிறகு தேறினதும் அட்டையை முதலில் அவளிடம்தான் கொண்டுவந்து நீட்டினான், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், "போட்டோல ஏன்டா இப்பிடி முழிக்கறே" என்றாள், எழுந்து சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, புகை பட்டுவிட்டதாம், அடுப்பே பற்றவைக்கவில்லை.

"ஏன் மாமா உங்களை நீங்களே வருத்திக்கறீங்க" என்று முந்தின நாளே கேட்டான், "என் பேருக்கு மாத்திடுவோம், பத்து நிமிஷ வேலை, அக்கா வேற நான் வேறயா?" வேறதான்டா மச்சான் என்றேன், அதிகம் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அவன் தப்பாக எதுவும் சொல்லவில்லை, அவன் அடுத்தவர் பாரத்தை இறக்கிவைக்கிற சுபாவம், எதிரில் யாராவது மூட்டையோடு நின்றால் அவன் கை தானாகப் போகும். ஆனால் எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, கான்ட்ராக்டர் சார் இங்க ஒரு கையெழுத்து என்பார்களே, அவள் அதை எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாளே, "சார் எழுத்துப் பிழை பாப்பாரு, வேலை நாந்தான்" என்று... இப்போது ஒரு பெயர் ஒரு தாளில் இருக்கிறதா இல்லையா என்பது உலகத்துக்கு ஒன்றுமே இல்லைதான், பெயரில் என்ன என்று பெரியவர்கள் சொல்லலாம், அவர்கள் பெயரை யாரும் எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்க மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார், அவருக்கு டார்ச் என்று பட்டப்பெயர், பட்டப்பகலிலும் கையில் டார்ச், மொட்டைமாடியில் வெயிலில் நிற்கிற பெட்டியைக்கூட டார்ச் அடித்துத்தான் பார்ப்பார், அவள் அவரைப் பற்றிச் சொன்னால் நடித்தே காட்டுவாள். என் கையைப் பிடித்து அழுத்தினார், பிறகு ஏணியில் ஏறினார், ஏறியதும் ஆள் மாறிவிட்டார், சலுகை காட்ட மாட்டார் என்று தெரிந்தது, அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மெஷினைப் போடுங்க என்றார், போட்டேன். வெளிச்சம் குழல் குழலாக நகர்ந்தது, மூட்டுகளில் நின்றது, விரலால் தட்டிப் பார்த்தார், என் வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பக்கத்தில் பிழை தேடிச் சம்பளம் வாங்கியவன் நான், தேடினால் பிழை கிடைக்கும் என்பது எங்கள் வேதம், கிடைக்காத பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, இப்போது கீழே நின்றுகொண்டு, கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாது என்று... வெளிச்சம் மூலைக்குப் போயிற்று, திரும்பியது, மறுபடியும் அந்த மூலைக்கே போய் நின்றுவிட்டது.

"இங்க ஒரு கம்பி கோணலா இருக்கே."

குழலைத் தாங்கும் தொங்கு கம்பி, மற்றதெல்லாம் தூக்குக் குண்டு விட்டதைப் போல நேராக இறங்க, இது மட்டும் இடையில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது, எனக்கே கீழேயிருந்து தெரிந்தது, எப்படி இத்தனை நேரம் தெரியாமல் போயிற்று, அவள் கோணலாக எதையாவது விட்டதுண்டா, அன்றைக்கே உடம்பு ஏதோ செய்திருக்குமோ, கை நடுங்கியிருக்குமோ, என்னிடம் சொல்லவில்லையோ... பக்கத்து ஏணி கிறீச்சிட்டது, தம்பி இடுப்பிலிருந்து குறடை உருவிக்கொண்டு ஏறிவிட்டான், "சின்ன விஷயம் சார், ஒரு நிமிஷத்துல நிமித்திடறேன்", குறடு கம்பிக்கு ஒரு விரல் தூரத்தில்.

"கை வைக்காதே!"

நான்தான் கத்தினேன், அந்தக் குரல் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது, பக்கத்து அறையில் பிள்ளைகளின் சத்தம் சட்டென்று நின்றது, காப்பகத்து அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார், தம்பி அப்படியே உறைந்து என்னைப் பார்த்தான், அக்கா திட்டினால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. டார்ச் மட்டும் திரும்பவில்லை, தலையை உள்ளே விட்டு, கழுத்தைச் சாய்த்து, கம்பிக்குப் பின்னால் வெளிச்சத்தை அடித்து...

"அட, பின்னாடி கரன்ட் பைப் போகுது" என்றார், தமக்குத் தாமே. பிறகு, "நேரா இறக்கியிருந்தா அதுல உரசிட்டேயில்ல இருக்கும். வளைச்சு, சுத்திக் கொண்டாந்து, கீழ பட்டை குடுத்திருக்காங்க." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார், பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் பார்த்தார் என்று தோன்றியது. "நிமித்தியிருந்தா தம்பி, அப்பத்தான் நான் எழுதியிருப்பேன்."

அவன் குறடைச் செருகிக்கொண்டு இறங்கினான், "எனக்குத் தெரியல மாமா" என்றான், "கீழருந்து பாத்தா கோணல் மாதிரிதான் இருந்துச்சு", எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுடா என்றேன், இரண்டு பேரும் சிரித்தோமா என்ன, ஏதோ சத்தம் வந்தது. அவன் தோளில் கை போட்டேன், அவன் தோள் அவளுடையதைப் போலவே ஒரு பக்கம் இறங்கியிருந்தது, பெட்டி தூக்கித் தூக்கி, இதை நான் அதற்கு முன்னால் கவனித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் தாளை ஏணிப்படியில் வைத்து எழுதினார், குறை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார், அனுமதி எடுத்தப்ப இருந்தாங்க, வேலை முடிஞ்சப்பவும் இருந்தாங்க, நான் வந்ததுதான் லேட்டு என்று முணுமுணுத்தார், பிறகு தலையை நிமிர்த்தாமல், எல்லா இடத்திலும் கேட்பதைப் போல, கேட்டே ஆக வேண்டியதைப் போல, "யார் கை?"

"அவ கை" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எங்கேயும் இடறவில்லை என்பதைக் கவனித்தேன், அந்த வாரம் முழுவதும் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் கடைசியில் போய் இடித்துக்கொண்டேன், இருக்கிறாள் என்று வாய் தொடங்கும், இருந்தாள் என்று திருத்த வேண்டும், என் தொழிலே திருத்துவதுதான், அந்த ஒரு திருத்தம் மட்டும் கை வரவில்லை... இதிலோ வினைச்சொல்லே இல்லை. அவள் கை. இறந்தகாலமும் இல்லை, நிகழ்காலமும் இல்லை, எந்த அச்சகத்தில் எவன் பார்த்தாலும் இதில் திருத்த ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி வினை வேண்டாத கேள்வியாகவே வரும், நாளைக்கே யாராவது, அவங்க எப்படி வேலை செய்வாங்க என்று கேட்டால், நன்றாகச் செய்வாள் என்று சொல்லலாம், பழக்கத்துக்கும் அதே சொல்தான், வரப்போவதற்கும் அதே சொல்தான், எதை நினைத்துச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கு?

தம்பி சாமான்களை வேனில் ஏற்றப் போனான், நான் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனேன், காரணம் ஒன்றுமில்லை. சுவரில், தரைக்குச் சற்று மேலே, உள்ளேயிருந்து ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய், அதன் நுனியில் தண்ணீர் திரண்டு, கனத்து, விழுந்தது, அடுத்தது திரண்டது. உள்ளே மெஷின் ஓடுகிறவரை அது சொட்டும்.