விறகுக்கு ஏது திருகு

கித்துல்கலையில், ஆற்றில் ராஃப்டிங் போக வருகிறவர்கள் தங்கும் லொட்ஜ் ஒன்று இருந்தது. அங்கே குளிக்க வெந்நீர் தந்த கேஸ் ஹீட்டரோடு விறகு ஃபர்னஸ் ஒன்றையும் இணைத்துக் கொடுக்க எஹலியகொடையிலிருந்து வந்திருந்தான் உதயராஜ். வந்த நாளிலிருந்தே லொட்ஜ் சமையல்காரி விஜயகலாவைக் கண்டால் அவனுக்கு ஆகாது. தேயிலை ஃபெக்டரியில் பதினொரு வருஷம் அடுப்புக்கு விறகு தள்ளியவளாம். அவன் பூட்டிய குழாய்களையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை வெந்நீர்த் தொட்டியின் உச்சியில் விரலை வைத்தாள்.

"சேஃப்டி வால்வு எங்க?"

"ஒழுகுச்சு, கழட்டிட்டேன். ப்ளக் போட்டு அடைச்சாச்சு."

"அப்ப ஆவி எந்தப் பக்கம் போகும்?"

"பம்ப் தண்ணிய சுத்த விட்டுக்கிட்டே இருக்கும். நீங்க போய் பருப்ப பாருங்க."

"கேஸ்னா திருகி நிறுத்திடலாம். விறகுக்கு ஏது திருகு?"

அவள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரியும். நல்ல வால்வு வாங்க அவிசாவளைக்குப் போனால் அரை நாள் போய்விடும். மத்தியானம் ஆட்கள் வருகிறார்கள் என்று லொட்ஜ் முதலாளி நடராஜா இரண்டு தரம் போனில் கோல் எடுத்திருந்தார். தெரிந்ததையே அவள் வாயால் கேட்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே தீக்குச்சியைக் கிழித்து விறகைப் பற்றவைத்தான்.

அரை மணி நேரம் ஒழுங்காகத்தான் எரிந்தது. பிறகு கரண்ட் போனது. பம்ப் நின்றது. குழாய் முதலில் முனகியது, அப்புறம் சுவரில் மோதி இடிக்கத் தொடங்கியது. உதயராஜ் கதவுப் பக்கம் பின்வாங்கினான்.

"எங்க ஓடுற? மேல போய் சுடுதண்ணி பைப் எல்லாத்தையும் தொற!"

அவள் கம்பியால் கொள்ளிகளை இழுத்து முற்றத்தில் எறிந்துகொண்டிருந்தாள். அவன் அறை அறையாக ஓடினான். கடைசிக் குளியலறையில் பைப் சீறி, கொதிநீர் அவன் முழங்கையில் தெறித்தது.

கீழே வந்தபோது இடி அடங்கியிருந்தது. விஜயகலா அவன் கையைப் பார்த்தாள். வெளிப் பைப்பைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அவன் தண்ணீரில் கையைப் பிடித்தான்.

போன் அடித்தது. "வேல முடிஞ்சுதா?" என்றார் நடராஜா.

முடிந்தது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சமையலறை ஜன்னலில் அவள் நின்றாள்.

"இல்லீங்க முதலாளி. வால்வு வாங்கணும். கரண்ட் போனா பம்ப் ஓட பேட்டரியும் வேணும். அது வரைக்கும் யாரும் பத்த வைக்க வேணாம்."

அவர் திட்டியதை முழுதாகக் கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

"வால்வுலேருந்து ஆவி வர்ற பைப்ப தரைய பாத்து எறக்கு," என்றாள் விஜயகலா. "ஆள் நிக்கிற பக்கம் வேணாம்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அடைச்ச?"

அவன் அவிசாவளைக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

மறுநாள் எல்லாம் அவள் சொன்னபடியே பூட்டப்பட்டது. அவள் தேத்தண்ணி கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.