தினமும் அரை விரல்

எங்கள் வீட்டு மேசையை நான்தான் செய்தேன். அது கோணல் என்று எவனாவது சொன்னால் அவன் கண்தான் கோணல். எடுத்த எடுப்பிலேயே ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன் என்றால், அந்த மேசைமேல் இருந்த டேப்லெட் தானாக நகர்ந்தது. மேசை சரிவாக இருக்கும் என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

டேப்லெட் என் மனைவியுடையது. அவள் தையல்காரி. நூல் பிசிறு போய் அடைத்து அடைத்து அதன் சார்ஜ் ஓட்டையே பாழாகிவிட்டது. ஒயர் சொருக வழியில்லை. அதனால் மேலே வைத்தாலே சார்ஜ் ஏறுகிற வட்டத் தட்டு ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். மேசைமேல் அது துணியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது என்று மனைவி முனகினாள். நான் மேசையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கம் உளியால் குடைந்து, மேலே ஒன்றரை நூல், அதாவது கால் அங்குலத்துக்கும் குறைவான கனம் மட்டும் விட்டு, தட்டை உள்ளே பதித்தேன். மேலிருந்து பார்த்தால் வெறும் பலகைதான். சரியான இடத்தில் வைத்தால் பச்சை மின்னல் குறி வரும்.

அவள் பார்க்காமலே ஒற்றைக் கையால் வைப்பாள், மின்னல் வந்துவிடும். குடைந்த நான் அங்கும் இங்கும் தடவிக்கொண்டு நிற்பேன். "நோண்டினவருக்கே தெரியலையே!" என்று சிரிப்பாள். ஜன்னலோர நாற்காலி அவளுடையது. உட்கார்ந்ததும் டேப்லெட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள். எழுந்திருக்கும்போது தள்ளி வைப்பாள்.

இரண்டு கையும் துணியில் இருக்கும்போது திரை அணைந்து தொலையக் கூடாதென்று, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்வரை அணையவே அணையாதபடி அதை அமைத்து வைத்திருந்தாள். தட்டை விட்டு விலகினால் இரண்டு நிமிடத்தில் இருண்டுவிடும். அப்புறம் நம்பர் கேட்கும். அந்த நம்பர் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், "இருங்க, ஒரு வேலை இருக்கு," என்று கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று நான் கத்தினேன். செவ்வாய் காலையில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

மகளுக்குக் கப்பலில் வேலை, என்ஜின் பகுதியில். நடுக்கடலிலிருந்து எப்படி இறங்கி வருவாள்? அம்மாவின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அம்மா அவளுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி இதுதான்: "உனக்காக நெறைய பேசி வச்சிருக்கேன். டேப்லெட்ல இருக்கு. வந்து கேளு."

செவ்வாய் மாலை எனக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது. எனக்குக் காது மந்தம். மரம் அறுக்கும் மிஷின் முப்பது வருடத்தில் அதைத் தின்றுவிட்டது. அதனால் அவள் எழுதித்தான் அனுப்புவாள். "அப்பா, டேப்லெட்ட நீங்களும் தொடாதீங்க, யாரையும் தொட விடாதீங்க. திரை எரிஞ்சுகிட்டே இருக்கணும். சனிக்கிழமை வந்து நானே எடுத்துக்கிறேன். எனக்கு அது ஒன்னுதான் இருக்கு."

சுடுகாட்டில் எல்லாம் முடித்து வீடு திரும்பியபோது திரை எரிந்துகொண்டிருந்தது. ஆனால் டேப்லெட் ஒரு விரல் தள்ளி இருந்தது. வந்துபோன கூட்டத்தில் யாரோ இடித்திருப்பார்கள் என்று, அளவெடுக்கும் அடிக்குச்சியால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி நேராக்கினேன்.

புதன்கிழமை மதியம் பட்டறையில் சும்மா ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்துவிட்டு நாலு மணிக்கு வந்தேன். மறுபடியும் நகர்ந்திருந்தது. அரை விரல் இருக்கும். ஜன்னலோர நாற்காலியின் பக்கம்.

வீட்டில் என்னைத் தவிர ஈ எறும்பு இல்லை. மறுபடி தள்ளி நேராக்கி, நானே பாலிஷ் போட்ட மேசையில் பென்சிலால் டேப்லெட்டைச் சுற்றிக் கோடு போட்டேன். அவள் பார்த்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

வியாழன் நாலு மணிக்குப் பார்த்தால் கோட்டைத் தாண்டி அரை விரல். அதே நாற்காலிப் பக்கம். சரிவு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வந்து நீளவாக்கில் வைத்தேன், குறுக்குவாக்கில் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. இதுவரை என் வேலையில் பிழை இருந்தால் தேவலை என்று நான் வேண்டிக்கொண்டதே இல்லை. அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்.

பயமாக இருந்தது. ஒளிப்பானேன், சந்தோஷமாகவும் இருந்தது. அவள் வந்து உட்கார்ந்து தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள் என்றால் எனக்கென்ன நஷ்டம்? ஆனால் இன்னும் கொஞ்சம் இழுத்தால் மின்னல் போய்விடும், திரை இருண்டுவிடும், மகளுக்குப் பேசி வைத்ததெல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். "தள்ளி வச்சுட்டுப் போடி," என்று வெறும் நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு எதிர் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தேன். காது மிஷினை மாட்டவில்லை. அவள் போன பிறகு அது சட்டைப் பையில்தான் கிடந்தது. யார் பேசி என்ன கேட்கப்போகிறேன்?

மணி மூன்று. டேப்லெட் நடுங்கியது.

கண்ணெதிரே நடுங்கிக்கொண்டே, நூல் நூலாக அவள் நாற்காலியை நோக்கி ஊர்ந்தது. எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஓடாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். விட்டு விட்டு அதிர்ந்தது. திரையில் ஒரு கடிகாரம், அதன் கீழே அவள் எழுதிய ஒரு வரி: 'அவருக்குக் கண் மருந்து.'

அலாரம்.

மூன்று மணிக்கு எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடவேண்டும். தினமும் அவளே பட்டறைக்கு மருந்தோடு வந்து நிற்பாள். என்ன ஞாபகசக்தி என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு சொட்டுகூட நான் விட்டுக்கொள்ளவில்லை.

அவசரமாகக் காது மிஷினை மாட்டினேன். மணி இல்லை, ஏதோ குரல். மெலிதாக, தூரத்தில். டேப்லெட்டைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஏங்க... மணி மூணு. மருந்து விட்டீங்களா? மொதல்ல காதுல மிஷின மாட்டுங்க. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போகுது."

பின்னால் இன்னொரு குரல், "கெளம்பலாமா இல்லையா?" என்று கத்துகிறது. அது நான். வாசலில் நின்றவன். அவள் சன்னமாகச் சிரிக்கிறாள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து, "ஏங்க..."

எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. அதுவாக ஓயும்வரை கேட்டேன். ஓய்ந்த பிறகும் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதேன். நிமிர்ந்து பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது.

கோட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். மின்னல் வந்தது. நம்பர் கேட்டது.

குனிந்திருக்கலாம். மேசைமேலேயே விட்டுவிட்டு, நான் குனிந்து காதை வைத்திருக்கலாம். பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க எத்தனை ஆயிரம் முறை குனிந்திருக்கிறேன்! அவளிடம் மட்டும் குனிந்ததில்லை. அவள்தான் ஒவ்வொரு முறையும் என் காதுக்கு எட்டி வந்து பேசுவாள்.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேரே மேசைக்குப் போனாள். பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். எங்கள் கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதாக ஒன்றைப் போடப் போனாள். "இன்னும் தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சுடும்ப்பா," என்று கையை எடுத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்கு, பூட்டிய திரைக்கு மேலேயே அலாரம் வந்தது. "ஏங்க..."

நிறுத்தப் போன மகளின் கை அப்படியே நின்றது. நான் மேசையில் காதை வைத்துக் குனிந்தேன். மறுபக்கம் அவள் குனிந்தாள். இருவர் முகத்துக்கும் நடுவில் அது ஊர்ந்தது. ஓய்ந்ததும் அவளே அடிக்குச்சியால் தள்ளிக் கோட்டுக்குள் விட்டாள்.

"சார்ஜ் மட்டும் போகவே கூடாதுப்பா. ஒரு தடவ முழுசா அணைஞ்சு மறுபடி ஆன் ஆனா, நம்பர் போடுற வரைக்கும் அம்மா குரல் வராது. வெறும் மணிதான் அடிக்கும்," என்றாள். பிறகு கோட்டைப் பார்த்துக்கொண்டே, "மோட்டார் அதிர்றதுலதான் நகருது. ஆனா ஏன் அந்தப் பக்கமே போகுது? நாற்காலிய மாத்திப் போட்டுப் பாப்போமா?" என்றாள்.

"வேண்டாம்," என்றேன்.

ஒரு வாரம் இருந்துவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டாள். இப்போது இங்கே மூன்று மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடலில் எங்கே இருந்தாலும் கூப்பிடுகிறாள். போனை மேசைமேல் வைக்கிறேன். அவளுக்காக அம்மா பேசியது போனிலிருந்து ஒரு முழத் தூரத்தில் பூட்டிக்கிடக்க, எனக்கு விழும் திட்டை அவள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதுவும் என்னால்.

நேற்று அலாரம் ஓய்ந்தது. காதை எடுக்காமல் குனிந்தே இருந்தேன்.

"மருந்து விட்டாச்சா?"

அதே குரல், அதே அதட்டல். போனிலிருந்து வந்ததா, பக்கத்திலிருந்து வந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன்.

"விட்டுட்டேன்," என்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சொன்னேன்.