தாளில் எழுதியிருந்த கொழுப்பு

எங்கள் குடும்பத்தில் அளப்பவர்கள் இரண்டு பேர். தம்பி தையல்காரன், டேப்பால் அளப்பான். நான் வாயால் அளப்பேன். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலடிச் சத்தம் கேட்டாலே பழுதான லிஃப்ட் பயந்துபோய்த் தானாக ஓடும் என்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரைக்காகப் போன இடத்தில் எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்து, ‘கல்லீரலில் கொழுப்பு’ என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாற்பது வருஷமாக மனைவி சொல்லிவந்ததற்கு ஒரு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே! பார்த்தவர்களிடமெல்லாம் தாளைக் காட்டினேன். ஆயிரம் பேர் சிரித்தார்கள். சரி, பதினைந்து பேர். தம்பிதான் அதிகம் சிரித்தான். ஒரே மாதத்தில் அவனும் ஒரு தாளோடு வந்தான்.

“அண்ணே, உனக்கு மட்டும்தான் கொழுப்பா? எனக்கு கிரேடு டூ. உன்னைவிட ஒரு படி மேல!”

இரண்டு தாளிலும் கீழே ஒரு வரி இருந்தது. எடையைக் குறைக்கவும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும், ஆறு மாதத்தில் மீண்டும் வரவும். சிரிக்கிற அவசரத்தில் அதை யார் படித்தது?

இந்த வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எடுத்தபோது என் கல்லீரலில் ஒரு கட்டி. புற்றுநோய்.

“நான் ஒரு சொட்டு குடிச்சதில்லையே டாக்டர்.”

“குடிச்சாத்தான் வரும்னு யார் சொன்னா?” என்றார் டாக்டரம்மா. “வைரஸால வரும். கொழுப்பு படிஞ்சு, ஈரல் தழும்பாகி இறுகினாலும் வரும். உங்களுக்கு ரெண்டாவது.”

லிஃப்டில் ஓர் ஆள் கூடினாலே மணி அடிக்கும். கல்லீரலில் அப்படி மணி கிடையாது. பாதிக்கு மேல் கெட்டாலும் வாய் திறக்காமல் வேலை பார்க்கும். என் கட்டி சின்னதாக இருந்ததால் ஊசியைச் செலுத்திச் சுட்டே அழித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தம்பியின் கடைக்குப் போனேன்.

“நீயும் ஸ்கேன் எடுடா.”

“உனக்கு எவ்ளோ பெருசு? பூசணிக்கா சைசா?”

“ரெண்டு சென்டிமீட்டர்.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். நான் எதையும் அவ்வளவு சின்னதாகச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

“நெஜமாவா?”

“சட்டையை மாட்டு.”

ஸ்கேன் எடுத்த பெண் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்புறம் ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன். ஒரு வாரம் கழித்து அதே டாக்டரின் முன் இருவரும் உட்கார்ந்தோம்.

“ஒன்பது சென்டிமீட்டர். ஈரலுக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய்க்குள்ளயும் இறங்கிடுச்சு. வெட்ட முடியாது, சுட முடியாது, மாற்று ஈரலும் வைக்க முடியாது. மூணு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏத்துவோம். முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். வளரவிடாம பிடிச்சுவைக்கப் பாக்கலாம்.”

தம்பி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துப் பார்த்தான். டேப் இல்லாமலே சரியாக ஒன்பது.

“சட்டைப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் சின்னது” என்றான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். “வீட்ல நீ சொல்லுண்ணே. உனக்குத்தான் பேச வரும். ஏதோ புண்ணு, ஆறிடும்னு அளந்துவிடு.”

வழியெல்லாம் தயார் செய்தேன். ஒன்றைவிட ஒன்று பிரமாதமாக ஏழு கதை. தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

“என்ன மாமா சொன்னாங்க?”

தம்பி தாழ்ப்பாளை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“புற்றுநோய்ம்மா” என்றேன். “ஒன்பது சென்டிமீட்டர். எடுக்க முடியாதாம். மருந்து ஏத்துவாங்க.”

அவள் கதவை அகலத் திறந்தாள். பிறகு அவனிடம், “ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள போய் உக்காருங்க” என்றாள். அவன் போனதும் என்னைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நீங்க அதைச் சிரிப்பாக்கலைன்னா, இவர் ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேனுக்குப் போயிருப்பார் மாமா.”

“ஆமாம்மா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மருந்து என்னிக்கு ஆரம்பிக்கிறாங்க?”

“செவ்வாக்கிழமை.”

“எத்தனை மணிக்கு?”