ஆறு டிக்

மே 6, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. பல்கலைக்கழகத் தொடர்பியல் துறை, இரண்டாம் மாடி, அறை எண் 214. சமூக வானொலி உரிமக் கொள்கை குறித்த ஆறு நாட்டுக் கூட்டறிக்கையின் பொதுக் கோப்பில் ஆறு ஒப்புதல் கட்டங்களும் காலியாயின.

இது ஒன்பதாவது முறை. ஐந்து கட்டங்களில் பச்சை டிக் விழுந்திருந்தது. அதற்குள் வடக்கு நாட்டின் சட்டப் பேராசிரியர் பதினேழாம் பக்கத்தில் 'பெரும்பாலும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பல நேர்வுகளில்' என்று போட்டார். யார் எதைத் திருத்தினாலும் எல்லா ஒப்புதலும் ரத்தாகும், ஆறு பேரும் முதலிலிருந்து படித்து மீண்டும் டிக் போட வேண்டும். அதுதான் விதி.

விதியை எழுதியவள், அந்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளரான அவளே. மூன்று வருடத்துக்கு முன் முதல் கூட்டத்தில், பெரிய பல்கலைக்கழகங்கள் கடைசி நேரத்தில் வாக்கியங்களை மாற்றிச் சின்ன நாடுகளின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று அவள் பேசியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவளுடைய துறைத்தலைவர் அதை ஆறு நாட்டு ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவாகச் சேர்த்தார். அப்போது அவளுக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

பத்தே காலுக்கு ரேடியோ அக்கா போன் செய்தாள். டயர் கடைக்கு மேல் மாடியில், முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஒரு அறையிலிருந்து, தினம் ஐந்து மணி நேரம் ஒலிபரப்புகிற நிலையத்தின் பொறுப்பாளர். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும், அரசு மருத்துவமனையில் எந்த டாக்டர் விடுப்பு, எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பகுதிக்கு அந்த அறையிலிருந்துதான் தெரியும். முன்பு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள் என்பதால், முனைவர் பட்டக்காரர்களை அக்கா மதிப்பதில்லை.

"என்ன, ஊசி போடாத டாக்டரே, புத்தகம் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா. இப்பதான் மறுபடியும் அழிஞ்சுது."

"அழிஞ்சுதா? யாரு அழிச்சா?"

"யாரும் அழிக்கலக்கா. ஒருத்தர் ஒரு வார்த்தைய மாத்தினாரு."

"ஒரு வார்த்தைக்கா? நான் ஒரு நாளைக்கு ஐயாயிரம் வார்த்தை பேசறேன்டி. பத்தொம்பதாம் தேதி விசாரணை. பதினாலு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள காகிதம் உள்ள போகணும். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. உரிமத்தைப் புதுப்பிக்க அக்கா காலத்தோடு விண்ணப்பித்திருந்தாள். ஒலிபரப்பு ஆணையம் பதில் போடவில்லை. பதினாறு மாதம் கழித்து, உரிமம் இல்லாமல் ஒலிபரப்பியதாக நிலையத்தை மூட நோட்டீஸ் மட்டும் வந்தது. உங்கள் விண்ணப்பம் ஒன்று எங்கோ தவறியிருக்கலாம், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது ஆணையம். தவறியது ஒன்றல்ல என்பதற்கு ஆதாரம் கூட்டறிக்கையின் நான்காம் அட்டவணை. அதில் இந்த நாட்டுப் பகுதி, ஆய்வுக்காக அவளே பஸ் ஏறி, பதினோரு நிலையங்களுக்கும் போய், ஒப்புகைச் சீட்டுகளைப் பார்த்து எழுதியது. பதினொன்றில் ஒன்பது நிலையங்கள் ஒரு வருடத்துக்கு மேல் பதிலில்லாமல் காத்திருந்தன. ஆனால் வெளியீட்டு எண் உள்ள ஆவணங்களை மட்டுமே ஆணையம் ஏற்கும். அறிக்கை வெளிவந்தால்தான் எண்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இணையக் கூட்டம். ஆறு நாட்டுக் கடிகாரங்களுக்கும் பொதுவாகக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். அவள் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, திரையில் தெரியாமல் சுவரோரமாகக் குனிந்து போய்க் காபி போட்டான்.

காத்திருந்த நாட்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் விவாதம் ஐம்பது நிமிடம் நடந்தது. விண்ணப்பம் கொடுத்த நாளா, அலுவலகம் முத்திரை குத்திய நாளா? சட்டப் பேராசிரியருக்கு முத்திரைதான் தொடக்கம். தீவு நாட்டுக்காரர், தங்கள் ஊரில் முத்திரை குத்துகிற ஊழியரே நான்கு மாதமாக இல்லை என்றார். புள்ளியியல்காரர் இரண்டுக்கும் சராசரி எடுக்கலாம் என்றார். கடைசியில் அடிக்குறிப்பு போட முடிவானது. இதற்கு மேல் யாரும் எதையும் தொடுவதில்லை என்று ஆறு பேரும் வாய்விட்டுச் சொன்னார்கள்.

"உங்க பாராளுமன்றம் கலைஞ்சுதா?" என்றான் கணவன், நிமிர்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே.

"கிண்டல் பண்ணாத. ஒப்புதல் ஒழுங்கா விழுந்தா செவ்வாய்க்கிழமை முடிஞ்சுடும்."

"எனக்குப் புரியல. பத்து மாடிக் கட்டடம். லிஃப்ட் ஒம்பதாவது மாடில இருக்கு. எவனோ ஒருத்தன் ஒரு பட்டன அமுக்கறான். உடனே லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்துடணும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அந்த மாதிரி லிஃப்ட் எவன் செஞ்சான்னு கண்டுபுடிச்சு உதைக்கணும்."

"நான்தான் செஞ்சேன்."

அவன் காபி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினான்.

டிக்குகள் விழ ஆறு நாளானது. தீவு நாட்டுக்காரர் அன்றே போட்டார். அவளும் துறைத்தலைவரும் ஒரே நாட்டுக் குழு என்பதால் இருவருக்கும் சேர்த்து ஒரு கட்டம். அதில் அவள் போட்டாள். சட்டப் பேராசிரியர் வெள்ளிக்கிழமை போட்டார். கூடவே, 'பல நேர்வுகளில்' என்பதில் தனக்கு இப்போதும் முழுத் திருப்தி இல்லை என்று தனிக் கடிதம் அனுப்பினார். அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. பதில் எழுதினால் திருத்துவார். திங்கட்கிழமைக்குள் ஐந்து. புள்ளியியல்காரர் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் இருந்தார். அவருக்கு அவள் இரண்டு நாளில் ஏழு செய்தி அனுப்பினாள். ஏழாவதில் 'தயவுசெய்து' என்ற சொல் மட்டுமே இருந்தது.

செவ்வாய்க்கிழமை, 13ஆம் தேதி, மாலை நான்கு மணிக்கு ஆறாவது டிக் விழுந்தது. மிச்சம் இருந்தது 'வெளியிடு' பொத்தான். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் துறைத்தலைவர் மட்டுமே அதை அழுத்த முடியும். அவள் எழுந்து வராந்தாவில் கிட்டத்தட்ட ஓடினாள். அவர் அறைக் கதவைத் திறந்தபோது அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. எல்லாம் பச்சையாயிடுச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். அமுக்கிட்டீங்களா?"

"இதோ. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. முன்னுரைல துணைவேந்தருக்கு நன்றி சொல்லவே இல்ல. நல்லவேளை, கடைசி நேரத்துல கண்ணுல பட்டுது. ஒரு வரி சேத்துட்டேன்."

அவள் மேசையைச் சுற்றிப் போய்த் திரையைப் பார்த்தாள். ஆறு கட்டங்களும் வெள்ளை.

"சார்."

"என்னம்மா?"

"நீங்க திருத்திட்டீங்க சார்."

"திருத்தல. நன்றிதான் சொன்னேன்."

"நன்றியும் திருத்தம்தான் சார்!"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்த வரியை அழித்தார். அழித்ததும் திருத்தமாகப் பதிவானது.

"பழையபடி கொண்டுவர முடியாதா?"

"முடியாது சார். பாதுகாப்பா இருக்கணும்னு நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்."

"அப்ப எல்லாருக்கும் ஒரு கடிதம் போட்டுக் கேப்போம். நாளைக்குக் காலைல..."

"புள்ளியியல்காரர் நாளைக்கு விமானத்துல இருப்பாரு சார். அக்காவுக்கு நாளைக்குப் பன்னெண்டு மணிதான் கெடு."

அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று மாலை அவள் நான்காம் அட்டவணையில் தன் நாட்டுக்கான பகுதியை மட்டும் தனியே எடுத்து, எப்படித் தகவல் திரட்டினாள் என்று இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தாள். மொத்தம் ஏழு பக்கம். துறை தானாக வெளியிடும் ஆய்வுத்தாள் வரிசை ஒன்று இருந்தது. அதற்குத் தலைவரின் கையெழுத்தும் அலுவலகப் பதிவேட்டின் எண்ணும் போதும். ஆணையத்துக்கு அதுவும் வெளியீட்டு எண்தான்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு அதை அவர் மேசையில் வைத்தாள். அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்தார்.

"ஏழாம் பிரிவு ஞாபகம் இருக்காம்மா? கூட்டறிக்கைக்கு முன்னாடி தனியா வெளியிட்டா ஆசிரியர் பட்டியல்ல பேர் இருக்காது. மூணு வருஷ வேலை."

"இருக்கு சார்."

"நான் நினைச்சா இத நிறுத்தலாம்."

"நிறுத்தலாம் சார். நிறுத்தினா துணைவேந்தருக்கு நன்றி சொன்னதால ஒரு ரேடியோ மூடிடுச்சுன்னு நான் எல்லாருக்கும் சொல்லுவேன். உங்களுக்கு எதிரா இல்ல. யாராவது கேட்டா."

"மிரட்டறீங்களா?"

"இல்ல சார். எனக்கு மிரட்டக்கூடத் தெம்பில்ல."

அவர் கையெழுத்துப் போட்டார். தேதியை அவரே எழுதினார்.

பதிவேடு வைத்திருக்கும் எழுத்தர் பத்தே முக்காலுக்குத்தான் வந்தார். பீரோ சாவியைத் தேடப் பத்து நிமிடம் ஆனது. "எவ்வளவு பக்கம்?" என்று கேட்டுவிட்டு, ஏழு என்றதும், "இவ்வளவுதானா? இதுக்கா இந்த ஓட்டம்?" என்றார். முத்திரை குத்தி, மை காயட்டும் என்று ஊதினார். அவள் தாளை அவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். ஆணைய அலுவலகத்தின் வாசலில் ரேடியோ அக்கா விண்ணப்பக் கட்டோடு நின்றிருந்தாள்.

"வந்துட்டியா தாயே! மணி பதினொண்ணே முக்கால்."

"பேசாம உள்ள போங்கக்கா."

11.52க்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, எண், தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அவளையும் படித்துப் பார்க்கச் சொன்னாள்.

மறுநாள் துறைத்தலைவர் ஐந்து நாடுகளுக்கும் கடிதம் எழுதி, ஏழாம் பிரிவின்படி அவள் பெயரை அறிக்கையின் முகப்பிலிருந்து எடுத்தார். தீவு நாட்டுக்காரர் மட்டும் அவளுக்குத் தனியாக எழுதினார்: தன் நாட்டிலும் இப்படி ஒரு நிலையம் இருக்கிறது, அந்த ஏழு பக்கம் கிடைக்குமா? அவள் அனுப்பினாள்.

19ஆம் தேதி விசாரணை நாற்பது நிமிடம் நடந்தது. ஆணையத்தின் வழக்கறிஞர் பதினோரு நிலையங்கள் ஒரு நாட்டுக்குப் போதுமான எண்ணிக்கையா என்று கேட்டார். நாட்டில் மொத்தம் இருப்பதே பதினொன்றுதான் என்று அக்கா சொன்னாள்.

ஜூன் 3 அன்று உத்தரவு வந்தது. மூடும் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. நிலையத்துக்குப் பதினெட்டு மாதத் தற்காலிக உரிமம் வழங்கப்பட்டது.