முழங்கைக்குக் கீழே ஒரு விதி

மாரிட்டுக்குக் காகிதத்தில் எழுதிப் பழக்கமில்லை. ஆம்புலன்ஸ் வேலை அப்படி. ஓடுகிற வண்டியில் ஒரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நோட்டைத் தேடவா முடியும்? நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் இடது முன்னங்கையின் உட்பக்கத்தில் பேனாவால் கிறுக்கிவிடுவாள். ஆஸ்பத்திரி வாசலில் அதைப் பார்த்துப் படித்து ஆளை ஒப்படைத்துவிட்டுச் சோப்புப் போட்டால் தீர்ந்தது. அமெரிக்காவின் செயிண்ட் பால் நகரத்து ஆம்புலன்ஸ்காரர்களில் பாதிப்பேர் கை இப்படித்தான் இருக்கும்.

சட்டத்தையும் அவள் அதே கையில்தான் படித்தாள். மாலைக் கல்லூரியில் கடைசி வருடம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு அலுவலகத்தில் வேலை தயாராக இருந்தது, உரிமம் மட்டும் வர வேண்டும். உரிமத்துக்குச் சட்டத் தேர்வு ஒன்று, வக்கீல் ஒழுக்கத் தேர்வு ஒன்று. இரண்டும் போதாதென்று, ஆள் யோக்கியமானவர்தானா என்று துருவிப் பார்க்க ஒரு குழு வேறு.

வண்டி ஓட்டும் ஆர்லோதான் அவளுக்கு வாத்தியார். அழைப்பு வராத நேரமெல்லாம் ஸ்டியரிங்கின் மேல் புத்தகத்தை விரித்துவைத்துக் கேள்வி கேட்பான்.

"ஏ வக்கீலம்மா, கட்சிக்காரன் காசை உன் சொந்தக் கணக்குல போட்டா என்ன ஆகும்?"

"உரிமம் போயிரும்."

"மறுநாளே திருப்பிக் குடுத்துட்டா?"

"அப்பவும் போயிரும்."

"எனக்கு இந்த வண்டியே போதும்டா சாமி."

மற்ற விதியெல்லாம் மண்டையில் ஏறிவிட்டது. ஒன்று மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. ஒழுக்கத் தேர்வன்று விடிகாலை, இரவு வேலை முடிகிற நேரத்தில், அதைக் கையில் எழுதிக்கொண்டாள்: உன்னைப் பற்றிக் குழு எதையாவது தவறாக நம்புவது தெரிந்தால், நீயே திருத்து. வழியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, உள்ளே போகும் முன் கழுவிவிடலாம் என்று நினைத்தாள். மார்ச் மாதக் குளிர் எலும்பைத் துளைத்தது. எழுத்தின் மேலேயே தடித்த கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். ஆர்லோவின் காரில் ஏறியவள் தேர்வு மையம் வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். எழுத்தும் மறந்தது, சோப்பும் மறந்தது.

மையத்தின் மேற்பார்வையாளர் லுவெல்லா, கண்டிப்பான பெண்மணி. திரையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேண்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஸ்வெட்டர் கையைச் சுருட்டச் சொன்னபோது அந்தத் தடித்த கம்பளி மணிக்கட்டைத் தாண்டிச் சுருளவில்லை. பின்னால் வாசல்வரை வரிசை. "சரி போம்மா" என்று விட்டுவிட்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் மாரிட்டுக்குத் தன் கல்லூரியில் இரண்டு வருடம் முந்திய மாணவன் தேமோன் நினைவுக்கு வந்தான். சின்ன வயதில் ஒரு கடையில் செருப்பு திருடியவன். சொல்லியிருந்தால் குழு சிரித்துவிட்டு விட்டிருக்கும். மறைத்தான், தெரிந்துவிட்டது, இன்றைக்கு இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருக்கிறான். தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். யோக்கியமில்லாதவள் என்று பேரெடுத்தால் மறுபடி பிறந்துதான் வர வேண்டும்.

அறையில் ஹீட்டர் அனலாய்க் கொதித்தது. ஏழெட்டுக் கேள்விகள் போனதும், கவனமில்லாமலே, சுருளாத கம்பளியை இழுத்து நெருக்கி முழங்கைவரை ஏற்றினாள்.

நீல மையில் அந்த விதி.

ஒழுக்கத் தேர்வில், கையில் பிட் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்! மறந்து வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? தலைக்கு மேலே கேமரா. மெதுவாக, சொறிந்துகொள்கிற மாதிரி, கம்பளியைக் கீழே இழுத்துவிட்டாள். அடுத்த கேள்வியைப் படித்தாள். ஒரு எழுத்தும் உள்ளே போகவில்லை. திரும்பப் படித்தாள். சொல்லிவிடு என்றது ஒரு மனது. சொன்னால் வேலை போச்சு, உரிமம் போச்சு என்றது இன்னொன்று. இரண்டாவதுதான் ஜெயித்தது. அவள் கேமராவைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே விடைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் லுவெல்லா எழுந்தார். நேராக இந்தப் பக்கம் பார்த்தபடி கதவை நோக்கி வந்தார். பார்த்துவிட்டார், தொலைந்தோம். மாரிட்டின் கை தானாக மேலே போனது.

லுவெல்லா குனிந்து, "என்னம்மா, பாத்ரூமா?" என்று கிசுகிசுத்தார். மாரிட் கம்பளியை ஏற்றிக் காட்டினாள்.

லுவெல்லா அவளை வெளியே கூட்டிப்போய் எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கழுவிவிட்டு வரச் சொன்னார். எழுதி முடிக்கலாம், ஆனால் குழுவுக்கு அறிக்கை போயே தீரும், அதைத் தன்னால் நிறுத்த முடியாது என்றார். மாரிட் தோல் சிவக்கத் தேய்த்தாள். மிச்சத் தேர்வை எப்படி எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

முடிந்து வந்தபோது லுவெல்லா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஸ்வெட்டர் கையைச் சரியாகச் சோதிக்காதது தன் பிழை என்று அவரே எழுதியிருந்தார். அதற்குக் கீழே: "தேர்வர் யாரும் கேட்காமல், தானாகவே முன்வந்து தெரிவித்தார்."

"இந்த ஒரு வரி உன்னைக் காப்பாத்தும்மா. மாட்டிக்கிட்டவளும் தானா வந்தவளும் ஒண்ணா? படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

"நீங்க என்னைப் பிடிக்கத்தானே எழுந்து வந்தீங்க?"

"பிடிக்கவா? ஹீட்டரைக் குறைக்க வந்தேன். எனக்கே வேர்த்துக் கொட்டுச்சு."

அப்படியானால் யாரும் பார்க்கவில்லை. கம்பளியை இழுத்து மூடியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்த அம்மாள் பொய்யும் சொல்லவில்லை, கண்டதை எழுதியிருக்கிறார். ஒரு கையெழுத்து போதும், தப்பித்துவிடலாம். அந்த நினைப்பில் வந்த நிம்மதியே அவளைப் பயமுறுத்தியது. அறைக்குள் பட்டதைவிடப் பெரிய பயம். மண்டையில் ஏறாத அந்த விதியைக் கையிலிருந்து கழுவியாயிற்று, இப்போது அது மனப்பாடமாக வந்து நின்றது.

"அந்த வரி சரியில்லைங்க" என்றாள். "எழுத்தைப் பாத்ததும் மூடிட்டேன். ரொம்ப நேரம் அப்படியே எழுதினேன். நீங்க வர்றதைப் பாத்துப் பயந்துதான் கையைத் தூக்கினேன்."

லுவெல்லா அவளையே பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன். சீக்கிரம் டைப் பண்ணுங்க."

லுவெல்லா அந்த வரியை அழித்துவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே தட்டினார். மாரிட் மின்பேனாவை எடுத்தாள். விரல்கள் நடுங்கின, கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

லுவெல்லா காலையில் போட்ட கையெழுத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அது மாதிரி இல்லையேம்மா. ஆடுதே."

"ஆடத்தாங்க செய்யுது" என்றாள் மாரிட். "ஆனா என்னோடதுதான்."