தங்கமான பிள்ளை

அன்னத்தாயின் மடியில் பீடி இலையும் தூளும் பரப்பிய சொளகு இருக்கும். கால் பெருவிரலில் தொட்டில் கயிறு கட்டியிருக்கும். கை அதுபாட்டுக்கு இலையைச் சுருட்டும். பிள்ளை சிணுங்கினால் கால் கயிற்றை இழுக்கும். பசியோ, பயமோ, கொசுக்கடியோ, எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த மருந்து அந்த இழுப்பு ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் பீடிக்கட்டைக் கடையில் ஒப்படைத்தாக வேண்டும். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

ஒன்பது மாதத்தில் மகன் மாசானம் அழுகையையே விட்டுவிட்டான். அம்பாசமுத்திரத்தை ஒட்டிய அந்தத் தெரு முழுக்க, “தங்கமான பிள்ளை, இருக்க இடமே தெரியல” என்று மெச்சியது. அன்னத்தாய்க்கு உச்சி குளிர்ந்துபோனது.

பக்கத்து வீட்டுச் சாரம்மாளும் பீடிதான் சுற்றினாள். ஆனால் அவள் வாய் ஓயாது. “என்னட்டி, அப்பா சைக்கிள் சத்தம் இன்னும் கேக்கலையேன்னு பாக்கியா? கோழி றெக்கைய அடிச்சதும் பயந்துட்டியா?” என்று தன் கைக்குழந்தை மகளோடு எந்நேரமும் பேச்சுத்தான்.

“ஏளா, ஒனக்குக் கிறுக்கா? பச்சப்பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று அன்னத்தாய் சிரிப்பாள்.

“கேட்டுப் பாக்கேன். நான் தப்பாச் சொன்னா அவளே கத்திக் காட்டிருதா.”

தடுப்பூசி போடுகிற அன்று இருவரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனார்கள். ஊசி குத்தியதும் சாரம்மாளின் மகள் ஊரைக் கூட்டினாள். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினாள்.

அடுத்து மாசானத்தை மேசையில் உட்கார வைத்தார்கள். ஊசி ஏறியபோது முகம் சுருங்கியது, கண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அன்னத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். “வாலே, அம்மாட்ட வா.”

அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, முன்னும் பின்னும் தானாகவே ஆடினான்.

“இவன் அம்மாவத் தேடவே மாட்டானா?” என்று நர்ஸ் கேட்டாள்.

பெற்றவள் கண்ணெதிரே நிற்க, பிள்ளை தன் வலியைத் தனியாக விழுங்குகிறானே! என்ன கொடுமை இது!

வீட்டுக்கு வந்தவள் சொளகைத் தொடவில்லை. அவனை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள். “வலிக்குதாலே? அந்த நர்ஸப் பாத்துப் பயந்தியோ? அம்மாவப் பாரேன். ஒரே ஒரு தடவ பாரேன்.” அவன் கண் தொட்டிலையே பார்த்தது. அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். “அம்மா வந்தா மட்டும் என்ன ஆவப்போவுதுன்னு நெனச்சியோ?” என்று கேட்டபோது அவளே உடைந்து அழுதுவிட்டாள்.

அப்போதுதான் அவன் திரும்பினான். உதடு பிதுங்கியது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வீறிட்டு அழுதான். அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் அவளைப் பார்த்துத்தான் அழுதான்.

வேலையிலிருந்து வந்த கணவன் வாசலிலேயே முகம் சுளித்தான். “ஏன் இப்படி அழ விடுத? பாலக் குடுத்துத் தொட்டில்ல போடு.”

“போட மாட்டேன். இத்தன நாளும் இவன் வயித்தப் பாத்தேன், துணியப் பாத்தேன். இவனுக்குன்னு ஒரு மனசு இருக்கும்னு நெனைக்கவே இல்ல. தன் மனசு என்ன பாடுபடுதுன்னு கேக்காத தாய எந்தப் பிள்ளை தேடும்? கேக்க ஆளில்லன்னுதான் இவன் வாய மூடிக்கிட்டான்; அதப் போயி தங்கம்னு கொண்டாடிட்டோம். அழட்டும். எங்கிட்டதான அழுதான்!”