கதவிடுக்குத் துணி

சங்கு ஊதியபோது நான் ஒரு தலையணை உறையில் இருந்த அயோடின் கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விட்டு விட்டு ஊதினால் தீ. நிறுத்தாமல் ஊதினால் மஞ்சள் புழுதி. சங்கு நிற்கவில்லை. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு கீழ்த்தளத்துக்கு ஓடினேன்.

மஞ்சள் புழுதி வானத்திலிருந்து இறங்க ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருந்துவிட்டுத் தானாகக் கலைந்துபோகும். அதற்குள் அது மூச்சில் ஏறியவர்கள் பிழைத்ததில்லை. அதனால் வேலை செய்யும் எல்லா இடத்திலும் காப்பறை கட்டாயம். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் எங்கள் சலவை நிலையத்துக்கும் கீழ்த்தளத்தில் ஒன்று உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஜன்னல் கிடையாது. உள்கதவு ஒன்று, வெளிக்கதவு ஒன்று, நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம். சுவரில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கும். புழுதி உள்ளே வந்தால் சிவக்கும். பக்கத்தில் ஒரு தகரப் பலகை. அதில் மூன்று விதிகள். கதவை அடை. கதவிடுக்கில் ஈரத்துணி செருகு. பட்டை சிவந்தால், புழுதியைச் சுமந்து வந்தவரைக் கண்டறிந்து வெளியேற்று.

மூன்றாவது விதியை எங்களில் யாரும் வாய்விட்டுப் படித்ததில்லை.

அன்று உள்ளே சூப்பர்வைசர் இருந்தார். துணி வண்டி ஓட்டும் டிரைவர், இஸ்திரி அக்கா, துணி மடிக்கிற ரேடியோ. வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். ஐந்தாவது நான். டிரைவர் வெளிக்கதவை முக்கால்வாசி இழுத்துவிட்டபோது, இடைவெளியில் தோளை நுழைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். என் ஓரகத்தி.

என் கணவருடைய தம்பியின் மனைவி. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. மாமியார் இறந்த வீட்டில், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவே, “கடைசி மூணு நாள் மூத்த மருமக எட்டிக்கூடப் பார்க்கல” என்று சொன்னாள். அது உண்மை. உண்மை என்பதால்தான் மன்னிக்க முடியவில்லை. இப்போது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வேலையிடத்திலேயே சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ரேடியோ வாசலில், இரண்டு கதவுக்கும் நடுவே போய்த் துணியை நனைத்து வந்து, உள்கதவின் இடுக்கில் செருகினாள். ஓரகத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“சில பேருக்குச் சங்கு ஊதினாலும் காதுல விழாது. புழுதியில ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தாத்தான் திருப்தி.”

ஜாடைப் பேச்சு. சுவருக்குச் சொன்னது சுவரோடு போய்விடும் என்ற தைரியத்தில் பேசுவது. பதிலுக்கு அவள் இருமினாள்.

கால் மணி நேரம் கழித்து ரேடியோதான் முதலில் பார்த்தாள். “ஐயோ, பட்டையப் பாருங்க. ரோஸ் கலரா இல்ல?”

“வெளிச்சம் அப்படிக் காட்டுது” என்றார் சூப்பர்வைசர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதற்குள் ரோஜா நிறம் இன்னும் கனத்திருந்தது.

ஓரகத்தி மறுபடி இருமினாள். ஐந்து தலைகளும் திரும்பின. என் தலையும்தான்.

“யாரு கடைசியா வந்தது?” என்றான் டிரைவர்.

“அவங்க அக்காவே சொன்னாங்களே,” என்றாள் இஸ்திரி அக்கா. “முழுக்குப் போட்டுட்டு வந்திருக்காள்னு.”

சுவருக்குச் சொன்னது சுவரோடு போகவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கு வந்தது பதற்றம் இல்லை. வயிற்றுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. கூட்டமாக நாலு பேர் அவளைப் பார்க்கிற பார்வையில், அந்தச் சாவு வீட்டில் என்னைப் பார்த்த பார்வை இருந்தது. படட்டும், அவளும் கொஞ்சம் படட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் என்பதற்கு அந்த அறையில் அளவுகோல் எதுவும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

“எங்க போயிருந்தே? ஏன் லேட்டு?” என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். “சொல்ல இஷ்டமில்ல.”

“பாருங்க சார், திமிர!” என்றான் டிரைவர். ரேடியோ தன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எனக்குக் கண் எரியுது, நாக்கு தடிக்குது, காது அடைக்குது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல இஸ்திரி அக்காவுக்கும் அதெல்லாம் வந்தது. எனக்கே நாக்கு தடித்த மாதிரி இருந்தது. பயம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு இத்தனை சுலபமாக இடம் மாறும் என்று எனக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று மூன்றாவது விதியை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. முடிவு அவருடையது இல்லை, பலகையுடையது.

“நான் போக மாட்டேன்,” என்றாள் ஓரகத்தி. “வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இழுத்துத்தான் தள்ளணும். தள்ளுறவங்க என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே தள்ளுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல். தொண்டையின் அடியிலிருந்து, வறட்டு வறட்டென்று, கடைசியில் ஒரு கமறலோடு. அந்தக் கமறல் எனக்குத் தெரிந்த ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க நான் அப்படித்தான் இருமினேன். பக்கத்தில் படுக்க முடியாமல் என் கணவர் கூடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனார். ப்ளீச் தொண்டைக்குப் பழகும்வரை அப்படித்தான். பழகிய பிறகு எங்கள் மூக்குக்கு அது வாசனையே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

“ரேடியோ,” என்றேன். “கதவிடுக்குத் துணிய எதுல நனைச்சே?”

“வாசல்ல இருக்கிற வாளியிலதான். வேற எதுல நனைப்பாங்க?”

வாசலில் இருக்கும் வாளியில் ப்ளீச் தண்ணீர் இருக்கும். ஆஸ்பத்திரித் துணியைத் தொடும் எங்கள் கை ஒரு நாளைக்கு நூறு முறை அதில் போகும். ஈரம் என்றால் எங்கள் கைக்கு அந்த வாளிதான்.

“புழுதி இல்ல. ப்ளீச் ஆவிக்குப் பட்டை சிவக்குது. அவ புதுசு, அதான் இருமுறா. நமக்கு மரத்துப் போச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் சூப்பர்வைசர்.

“பதினாலு வருஷமா கறை எடுக்கிறேன். எது எதைத் தொட்டா என்ன நிறமாகும்னு பார்க்கிறதுதான் சார் என் பிழைப்பு.”

பட்டையின் கீழ்நுனி இன்னும் உரிக்காத ஒட்டுத்தாளுக்குள் வெள்ளையாக இருந்தது. அதைக் கிழித்தேன்.

“அது சர்க்கார் சொத்து!” என்று கத்தினார்.

“அவ எங்க வீட்டுச் சொத்து,” என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கிழித்ததை இரண்டாக்கினேன். ஒன்றை என் இடுப்பில் செருகியிருந்த பை ஒன்றுக்குள் போட்டேன். பாலிதீன் பை, ஆஸ்பத்திரித் துணி கட்டி வருவது. காற்றை நன்றாகப் பிதுக்கிவிட்டு அவளிடம் நீட்டினேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன். “ஊது.” ஊதினாள். பை உப்பியது. உள்ளே துண்டு வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றைக் கதவிடுக்குத் துணியின் அருகே பிடித்தேன். எண்ணி ஏழு மூச்சுக்குள் செங்கல் நிறமாகியது.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கண்ணால் பார்த்ததை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிற வயது எனக்கு இல்லை, ஆனாலும் நம்பினேன்.

“கண்கட்டு வித்தை,” என்றான் டிரைவர். “சொந்தக்காரிய விட்டுக்கொடுப்பாளா?”

“ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களேடா,” என்றாள் ரேடியோ.

“சாவுன்னு வந்தா ஒண்ணு சேர்ந்துக்குவாங்க.” அவன் உள்கதவின் கைப்பிடியை நோக்கி வந்தான். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். தோளைப் பிடித்து இழுத்தான். என் கால் வழுக்கியது. ஆனால் கைப்பிடியை விடவில்லை.

“தள்ளு. ரெண்டு பேரையும் சேர்த்தே தள்ளு. துணி இங்கதான இருக்கப்போவுது? பட்டை இன்னும் சிவக்கும். அப்ப அடுத்தது யாரு? அவளைத் தவிர்த்தா கடைசியா வெளிக்காத்துல நின்னது நீதான். தலைய வெளிய நீட்டிக் கதவை இழுத்தது நீ. அதுக்கப்புறம் துணிய நனைக்க வாசலுக்குப் போன ரேடியோ. சார், நீங்க எத்தனாவதுன்னு பலகையில எழுதியிருக்கா?”

டிரைவரின் பிடி என் தோளிலேயே இருந்தது. ஆனால் அதில் பலம் இல்லை. அவன் ரேடியோவைப் பார்த்தான். ரேடியோ அவனைப் பார்த்தாள். அந்த அறையில் முதல்முறையாக அவள் வாய் மூடியிருந்தது.

இஸ்திரி அக்கா எழுந்தாள். தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, தோளில் கிடந்த துண்டில் கவிழ்த்தாள். “இத வச்சுக்க. இப்படியே ஆளாளுக்கு முழிச்சுக்கிட்டிருந்தா தாகத்துலயே சாவோம், புழுதி எதுக்கு?”

ஒரு முனையிலிருந்து பழைய துணியை உருவ உருவ, இன்னொரு கையால் புதியதைச் செருகிக்கொண்டு வந்தேன். உருவியதைப் பாலிதீன் பையில் போட்டு ஓரகத்தி முடிச்சுப் போட்டாள்.

சிவந்த பட்டை திரும்ப வெளுக்காது. அதனால் நான் சொன்னது சரி என்று எங்களுக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் அவளும் நானும் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தோம். எதிரே நாலு பேர். யாரும் தூங்கவில்லை. அவள் இருமல் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனதை எல்லோரும் கவனித்தார்கள்.

புழுதி கலைந்ததற்கான குட்டைச் சங்கு ஊதியது. அவரவர் கீழே பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள்.

நான் என் மேசைக்குப் போனேன். சங்கு கேட்டு ஓடிய அவசரத்தில், கறை எடுக்கும் கரைப்பான் ஜாடியைத் திறந்தபடி விட்டிருந்தேன். பக்கத்திலேயே சூடாக இஸ்திரி இயந்திரம். ஒரு பொறி போதும், எல்லாம் பற்றிக்கொள்ளும். ஜாடி இறுக மூடியிருந்தது. இயந்திரத்தின் ஸ்விட்சும் அணைந்திருந்தது. எனக்குப் பின்னால் காப்பறைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் ஏன் லேட் என்று நான் பிறகு கேட்கவே இல்லை. ஜாடியையும் ஒரு பழந்துணியையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு காப்பறைக்குத் திரும்பினேன். பலகையின் மூன்றாவது வரியில் கரைப்பானைத் தடவித் தேய்த்தேன். சர்க்கார் பெயிண்ட், லேசில் போகவில்லை.

சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். “என்ன பண்றே? மேலிடத்துக்கு எழுதிப் போட்டுருவேன்.”

“எழுதுங்க சார். கறை எடுத்தாள்னு எழுதுங்க. அதுக்குத்தான என்னை வச்சிருக்கீங்க?”

அவர் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆடிக்கொண்டிருந்த ஸ்டூல் சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தேன். ஓரகத்தி இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, ஓரத்துல இன்னும் ரெண்டு எழுத்துத் தெரியுது,” என்றாள். “அழுத்தித் தேய்ங்க.”